கடல் இல்லைன்னா மலை, மலை இல்லைன்னா கோட்டை: குமரிக்குக் கிளம்பும் முன் கைபேசியில் ஐந்து நிமிடம்

(வாலாஜாபாத்தில் இ-சேவை மையம் நடத்தும் ஒருவர், ஓரகடம் – ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சாலை ஊழியர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா இங்க வந்தவங்களும் இருக்கீங்க. கண்ணைப் பார்த்தாலே தெரியுது. அதனால வளவளன்னு பேச மாட்டேன்.

நம்ம மையத்துக்கு வருஷம் பூரா வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டா நகல்னு ஆள் வருவாங்க. ஆயுத பூஜை, பொங்கல் லீவு நெருங்கினா மட்டும் வேற ஒரு கூட்டம் வரும். "அண்ணா, கன்னியாகுமரிக்கு ஆறு பேர் போறோம், டிக்கெட் பார்த்துச் சொல்லுங்கண்ணா"ன்னு பசங்க வந்து நிப்பாங்க. ஒரே லைன்ல வேலை பார்க்கிறவங்க, ஒரே ரூம்ல தங்கியிருக்கிறவங்க.

ஏன் குமரி? காரணம் எளிது. தமிழ்நாட்டில் மலையும் கடலும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் மாவட்டம் அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கேதான் முடிகிறது. காலையில் கடலில் சூரிய உதயம் பார்த்துட்டு, மத்தியானம் அருவிக்குப் போய், சாயங்காலம் வேறொரு கடற்கரையில் சூரியன் மறையறதைப் பார்க்கலாம். ரெண்டு நாள் லீவுல மலையையும் கடலையும் சேர்த்துப் பார்க்கணும்னா அதுக்கு மேல இடம் இல்லை.

ஆனா ஒரு விஷயம் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. அதைச் சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன்.

திற்பரப்பில் நடந்தது

சில வருஷம் முன்னாடி நானும் தெருக்காரங்களும் ஒரு வேன் எடுத்துக்கிட்டுப் போனோம். ராத்திரி முழுக்க ஓட்டம். மறுநாள் திற்பரப்பு அருவிக்குப் போய் இறங்கினா, "குளிக்கத் தடை"ன்னு சொல்லிட்டாங்க. மேல பார்த்தா நல்ல வெயில். அருவியிலும் தண்ணி ரொம்ப அதிகமா விழற மாதிரி எங்களுக்குத் தெரியலை.

எங்க கூட வந்த ரெண்டு பசங்களுக்கு மனசு கேக்கலை. "எழுநூறு கிலோமீட்டர் வந்துட்டு, கால் நனைக்காமப் போறதா?"ன்னு தடுப்பைத் தாண்டி வேற பக்கமா இறங்கப் பார்த்தாங்க. டீக்கடை வச்சிருந்த ஒரு அக்காதான் கத்தி நிறுத்தினாங்க. "இங்க வெயில்தான் தம்பி. மேல மழை. தண்ணி வந்துட்டு இருக்கு"ன்னாங்க. நாங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தண்ணி செம்மண் நிறத்துக்கு மாறிடுச்சு. பசங்க இறங்கப் பார்த்த பாறை கண்ணுக்கே தெரியலை.

அந்தப் பசங்க கெட்டவங்க இல்லை. அவங்க கையில் ஒரே ஒரு திட்டம்தான் இருந்தது: அருவி. அது இல்லைன்னா அந்த நாளே வீண். அவ்வளவு செலவு பண்ணி வந்தவன் தடையைக் கேக்க மாட்டான், மீறத்தான் பார்ப்பான். அன்னிக்கு நான் கத்துக்கிட்டது இதுதான்: கையில் இன்னொரு இடம் இருக்கிறவன்தான் தடையை மதிப்பான்.

அதனால நான் இப்போ டிக்கெட் எடுத்துக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்கிறேன். "கடல்ல இறங்க முடியலைன்னா எங்க போவீங்க? அருவி மூடியிருந்தா எங்க போவீங்க?" பதில் இல்லைன்னா, உட்கார வச்சுப் பட்டியல் போட்டுத்தான் அனுப்புறேன்.

கையில் இருப்பதும் இல்லாததும்

ஒரு பயணத்தில் ரெண்டு வகை இருக்கு. முன்கூட்டியே நாம உறுதி பண்ணிக்கக் கூடியது ஒண்ணு: ரயில், அறை, டிக்கெட். நாம எவ்வளவு பணம் கட்டினாலும் உறுதி பண்ண முடியாதது இன்னொண்ணு: கடல், ஆறு, காடு. முதல் வகைக்குப் பல நாள் முன்னாடி கைபேசியை எடுக்கணும். ரெண்டாவது வகைக்கு அன்னிக்குக் காலையில் எடுக்கணும்.

முதல் வகையைச் சுருக்கமா சொல்லிடறேன். வாலாஜாபாத் ஸ்டேஷனில் ஏறினால் செங்கல்பட்டு. அங்கேயிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். சாயங்காலம் ஏறினால் விடியற்காலையில் குமரி. பயண நாளுக்கு 60 நாள் முன்னாடியே முன்பதிவு திறந்துடும். முன்னே 120 நாளா இருந்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள். தட்கல் எடுக்கணும்னா, 2025 ஜூலையிலிருந்து ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கை ஆதாரோட இணைச்சு சரிபார்த்திருக்கணும். இதைத் தட்கல் திறக்கிற நேரத்தில் செய்ய முடியாது. இன்னிக்கு ராத்திரியே ரூமுக்குப் போய்ப் பண்ணி வச்சுடுங்க.

அடையாள அட்டைக்கு டிஜிலாக்கர் செயலியில் இருக்கிற ஆதார், ஓட்டுநர் உரிமம் ரயிலில் செல்லும். நாமளே போட்டோ எடுத்து அதில் ஏத்தி வச்ச நகல் செல்லாது. துறையிலிருந்து நேரா இறங்கின ஆவணமா இருக்கணும்.

அறை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. தேடுபொறியில் முதல்ல வர்ற நம்பருக்கு போன் போட்டு, முன்பணம் அனுப்பி ஏமாந்தவங்க இருக்காங்க. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குக் கன்னியாகுமரியில் ஓட்டல் தமிழ்நாடு விடுதி இருக்கு. எந்த விடுதியானாலும் அதனோட சொந்த இணையதளத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்துப் பேசுங்க. பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டுக்கிட்டு இருக்காம, உடனே 1930-க்கு அழைங்க. சீக்கிரம் சொன்னா அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

விவேகானந்தர் பாறைக்குப் படகை இயக்குவது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். அவங்க இணையதளத்திலேயே படகு டிக்கெட் எடுக்கலாம். திருவள்ளுவர் சிலை 133 அடி. 2000 ஜனவரி 1-ல் திறந்தாங்க. பாறைக்கும் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. இப்போ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போயிடலாம்.

ஆனா பாருங்க, டிக்கெட் கையில் இருந்தாலும் கடல் சீற்றமா இருந்தா, நீர்மட்டம் தாழ்ந்துட்டா படகு போகாது. இங்கேதான் ரெண்டாவது வகை ஆரம்பிக்குது.

கள்ளக்கடல்

கன்னியாகுமரி, கேரளக் கரையோர மக்கள் வாயில் ஒரு சொல் இருக்கு: கள்ளக்கடல். கள்ளன் மாதிரி சொல்லாம வர்ற கடல். அங்கே காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவா இருக்கும். ஆனா திடீர்னு அலை கரைக்கு மேல ஏறும்.

எப்படி? தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் காத்து அடிக்கும்போது நீண்ட அலைகள் உருவாகும். அது சில நாள் பயணம் பண்ணி நம்ம கரைக்கு வரும். நம்ம ஊர் வானிலையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா ஹைதராபாத்தில் இருக்கிற இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் — இன்காய்ஸ்னு சொல்வாங்க — இதை முன்கூட்டியே கணிச்சு எச்சரிக்கை கொடுக்குது.

2024 மே மாசம் அப்படி எச்சரிக்கை வந்திருந்தது. மே 6-ஆம் தேதி, கணபதிபுரம் பக்கத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அஞ்சு பேர் அலையில் போயிட்டாங்க. படிப்பு முடியிற நேரத்தில் சுற்றுலா வந்த பிள்ளைங்க. அவங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லலை. உங்க வயசு அவங்களுக்கு. அதனால சொல்றேன்.

நீங்க செய்ய வேண்டியது: 'சசேத்' என்கிற செயலியை இறக்கி வச்சுக்கோங்க. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தோடது. கடல் எச்சரிக்கை, மழை எச்சரிக்கை ரெண்டும் அதில் வரும். நம்ம மாநில அரசோட 'டிஎன்-அலர்ட்' செயலியில் வானிலை, மழை அளவு, அணை நீர்மட்டம் எல்லாம் தமிழிலேயே இருக்கு. ரெண்டையும் திறந்து, கன்னியாகுமரி மாவட்டத்தைப் போட்டுப் பாருங்க. வாலாஜாபாத்துக்கு வர்ற எச்சரிக்கை குமரியில் இருக்கிறவனுக்கு உதவாது இல்லையா?

கடல் எச்சரிக்கை இருந்தா, "கால் மட்டும் நனைச்சுக்கறேன்"ங்கிற பேச்சே வேண்டாம். நீச்சல் தெரியும்ங்கிறதும் கணக்கு இல்லை. குளத்திலும் ஏரியிலும் கத்துக்கிட்ட நீச்சல் அங்கே கை கொடுக்காது. முட்டம் மாதிரி பாறை நிறைந்த கரையில் அலை நம்மைத் தூக்கிப் பாறையில் அடிச்சுடும். செல்ஃபி எடுக்கக் கடலுக்கு முதுகு காட்டி நிக்காதீங்க.

வெயிலில் வரும் வெள்ளம்

அடுத்தது ஆறு. திற்பரப்பு அருவி கோதையாற்றில் இருக்கு. அதுக்கு மேல பேச்சிப்பாறை அணை. அதுக்கும் மேல காடும் மலையும். மலையில் கொட்டுற மழை அணைக்கு வரும். அணை நிறைஞ்சு உபரி நீர் திறந்தா அருவிக்கு வரும். அதனால அருவி பக்கத்தில் வெயில் அடிக்கிறதை வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, "மேல மழையா? அணை திறந்திருக்காங்களா?" என்பதுதான்.

இன்னொண்ணு. நம்ம காஞ்சிபுரம் பக்கம் பெரிய மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். குமரியில் அப்படி இல்லை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை, அப்புறம் வடகிழக்குப் பருவமழைன்னு ரெண்டும் நல்லாப் பெய்யும். "ஜூன்ல என்ன மழை"ன்னு இங்கேயிருந்து கணக்குப் போடாதீங்க.

வானிலை ஆய்வு மையம் நிறத்தில் எச்சரிக்கை சொல்லும். மஞ்சள்னா கவனமா இருங்க, ஆரஞ்சுன்னா தயாரா இருங்க, சிவப்புன்னா உடனே நடவடிக்கை எடுங்க. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. மாவட்டத்துக்கு ஆரஞ்சு போட்டிருந்தா அன்னிக்கு அருவி, ஆறு, அணைப் பக்கம் கிடையாதுன்னு ஏத்துக்கோங்க.

ஆத்தில் இறங்கி இருக்கும்போது தண்ணி கலங்குது, இலையும் குச்சியும் மிதந்து வருது, சத்தம் கூடுதுன்னா உடனே மேட்டுக்கு ஏறணும். துணி, செருப்பு, போன் எதையும் எடுக்க நிக்காதீங்க.

காட்டுக்குள் போவது

மூணாவது காடு. நம்ம பசங்களுக்கு மலை ஏற ஆசை அதிகம். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, மேப்பில் ஒரு கோடு இருக்குன்னு கிளம்பிடறாங்க.

2018 மார்ச் 11 ஞாபகம் இருக்கா? தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து மலை ஏறப் போனவங்க நடுவில் மாட்டிக்கிட்டாங்க. 23 பேர் இறந்தாங்க. மார்ச் மாசம் புல் காய்ஞ்சு கிடக்கும், காத்து அடிக்கும். அந்த நேரத்தில் தீ ஓடுற வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தது.

இப்போ வழி எளிது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சிருக்காங்க. இணையதளத்தில் பாதையைத் தேர்வு செய்து, நாள் பார்த்து, பணம் கட்டிப் பதிவு பண்ணலாம். பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். நிறைய பாதைகளில் அந்தந்தப் பகுதிப் பழங்குடி மக்களும் உள்ளூர் இளைஞர்களும்தான் வழிகாட்டி. நாம கட்டுற பணம் அவங்க வீட்டுக்கும் போய்ச் சேருது. குமரி மாவட்டத்தில் காளிகேசம் – பாலமோர் பாதை அந்தப் பட்டியலில் இருக்கு.

முதல் தடவை போறவங்க எளிதான பாதையையே எடுங்க. காட்டுத்தீ காலத்திலும் பலத்த மழையிலும் பாதைகளை மூடிடுவாங்க. அதையும் பார்த்து நாள் குறிங்க. அனுமதி இல்லாம வனப்பகுதிக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், நீங்க எங்கே இருக்கீங்கன்னு யாருக்கும் தெரியாது. தேட ஆள் வராது.

இருபது கிலோமீட்டரில் இன்னொரு இடம்

சரி, இதெல்லாம் மூடியிருந்தா என்ன பண்றது? குமரி மாவட்டத்தோட அழகே இங்கேதான். சின்ன மாவட்டம். ஒண்ணு மூடினா இன்னொண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் போயிடலாம். எழுதிக்கோங்க.

படகு நின்னுடுச்சா? சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் போங்க. பக்கத்திலேயே சுசீந்திரம் – தேரூர் குளங்கள். நம்ம வேடந்தாங்கல் மாதிரியே 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் இடம்.

கடற்கரைக்குத் தடையா? தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. மரத்திலேயே இழைச்சு இழைச்சுக் கட்டியிருப்பாங்க. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் மறந்துடாதீங்க. வானம் தெளிவா இருந்தா மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுப் பள்ளத்தாக்குக்கு மேல 115 அடி உயரத்தில் பாசனத் தண்ணி போற கால்வாய்ப் பாலம். காமராஜர் காலத்துத் திட்டம். பாலத்து மேலேயே நடந்து போகலாம்.

அருவி மூடியிருக்கா, ஆனா மழை இல்லையா? சிதறால் மலைக்கு ஏறுங்க. கல் பாவின பாதை. பெரியவங்களும் மெதுவா ஏறலாம். மேல பாறையில் 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள். அங்கேயிருந்து சுத்திலும் தென்னையும் மலையும் தெரியும்.

மலைப்பாதை மூடியிருக்கா, ஆனா கடல் அமைதியா? வட்டக்கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் காலத்தில் கட்டின கருங்கல் கோட்டை. மதில் மேல நின்னா ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை. காசு கொடுத்துப் பார்க்கிற காட்சி எல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

இப்போ சொல்லுங்க, அருவி இல்லைன்னா நாள் வீணா?

கைபேசி தூங்கிடும் இடங்கள்

கடைசியா ஒண்ணு. பேச்சிப்பாறை தாண்டி மலைப் பக்கம் போனா பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. அதனால நாகர்கோவில் தாண்டுறதுக்கு முன்னாடியே மூணு வேலையை முடிச்சுடுங்க. ஒண்ணு, அந்தப் பகுதி வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைங்க. இணையம் இல்லாமலே வேலை செய்யும். ரெண்டு, டிக்கெட்டை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. மூணு, "இந்த இடத்துக்குப் போறோம், இத்தனை மணிக்குத் திரும்பிடுவோம்"னு வீட்டுக்கோ ரூம்மேட்டுக்கோ ஒரு செய்தி அனுப்பிடுங்க. சொன்ன நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சும் நீங்க பேசலைன்னா, அவங்க யாருக்குப் போன் பண்ணணும்னும் அதில் இருக்கட்டும்.

எண்கள்: எந்த அவசரத்துக்கும் 112. உங்க சிம் நிறுவனத்தோட டவர் இல்லாட்டியும், வேற நிறுவன டவர் கிடைச்சா 112 போகும். ஆம்புலன்ஸ் 108. கடலில் ஆபத்துன்னா கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. ரயிலில் பிரச்சினைன்னா 139. தமிழ்நாடு காவல்துறையோட 'காவல் உதவி' செயலியில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கு. அழுத்தினா நீங்க இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிடும். குறிப்பா நம்ம வீட்டுப் பெண் பிள்ளைங்க, ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்கிற தங்கச்சிங்க, இதைக் கட்டாயம் வச்சுக்கோங்க.

வேலைக்குப் போகும்போது ஹெல்மெட், ஷூ, கண்ணாடி இல்லாம லைனுக்குள்ள விடுவாங்களா? விட மாட்டாங்க. மெஷின் பக்கத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்ட மாட்டீங்க. அங்கே சூப்பர்வைசர் பார்த்துக்கிட்டே இருக்கார். கடல்லயும் காட்டிலயும் சூப்பர்வைசர் கிடையாது. மஞ்சள் கோட்டை நாமளேதான் போட்டுக்கணும்.

அதனால அடுத்த தடவை யாராவது "அண்ணா, குமரிக்கு டிக்கெட்"னு என் மையத்துக்கு வந்தா, டிக்கெட்டோட சேர்த்து ஒரு சின்னச் சீட்டும் தருவேன். ஒரு பக்கம் நீங்க பார்க்க ஆசைப்படுற இடங்கள். பின் பக்கம், அது மூடியிருந்தா போக வேண்டிய இடங்கள். முன் பக்கத்தை நீங்க எழுதுங்க. பின் பக்கத்துக்கு இன்னிக்குச் சொன்னதிலிருந்து எடுத்துக்கோங்க.

போயிட்டு வந்து போட்டோ காட்டுங்க. எல்லாருமே திரும்பி வந்து காட்டணும், அவ்வளவுதான்.